காற்றைத் திருப்பிய கூலி

இருதயநேசன் அண்ணை கொண்டுவந்த பெட்டி
பகல் இரண்டு மணிக்கு மேல்
உயிரோடு இருப்பதில்லை.

ஒட்டுசுட்டான் கலியாணம் ஒன்று
அதற்குள் மாட்டிக் கிடக்கிறது.
"ரெண்டர் தாலிக்குக் கிட்டப் போகுது, கஜரதி,
டப்பெண்டு நிண்டிடுது.
மூண்டு நாளா ஐயர்
கையைத் தூக்கினபடி நிக்கிறார்."

மல்லாவிச் சந்தியில் என் கடை.
தகரக் கூரை, முன்னால் ஒரு கதவு,
பின்னால் சுவர்.
வெளியே ஆடி மாதத்துச் சோளகம்
கிரவல் ரோட்டைப் பிடிபிடியாய் அள்ளி
பஸ் காசில்லாமல்
மாங்குளம் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறது.
உள்ளே காகிதம்கூட அசையவில்லை.

திருப்புளியை எடுத்துக்
கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றினேன்.
முன்னுக்கு மூன்று, மேலே ஒன்று,
பின்னுக்கு ஒன்று,
ஐந்து விசிறி, ஐந்திலும் வானவில்.

படம் பிடிக்கிற மனுசன் அல்லவா!
குறூப் போட்டோவுக்கு நிறுத்துவதுபோல
ஐந்தின் முகத்தையும்
வெளியே பார்த்துச் சிரிக்க வைத்திருக்கிறார்.

விசிறிக்கு முகம் வாய், முதுகு மூக்கு.
வடிவான பக்கத்தால் குடிக்கும்,
சட்டக் கம்பிகள் குறுக்கே ஓடுகிற
வடிவில்லாத பக்கத்தால் விடும்.
ஐந்தும் குடிக்கின்றன.
விடுவதற்கு ஆளில்லை.
வந்த காற்று எங்கே போகும்?
ஒன்றையொன்று முட்டி, நடுவில் நின்று,
கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் கட்டிப்பிடித்தபடி
யூஎஸ்பி துவாரத்தால்
களவாய் எட்டிப் பார்க்கிறது.

சாமிப் படத்தடியில் புகைந்துகொண்டிருந்த
ஊதுபத்தியை எடுத்துக் காட்டினேன்.
முன்னால் போன புகை
பாதை தெரியாத ஆளைப் போலத் திரும்பி வந்து
அண்ணையின் மூக்கில் ஏறியது.
தும்மிவிட்டு
"அப்ப எல்லாத்தையும் மாத்தவேணுமோ?" என்றார்.

இல்லை. இரண்டே இரண்டு.
பின்னுக்கு இருந்ததையும் மேலே இருந்ததையும்
எட்டு ஸ்குறூ கழற்றி
முகத்தை உள்ளே திருப்பினேன்.
மூன்று கொண்டுவரட்டும், இரண்டு கொண்டுபோகட்டும்.
மிச்சக் காற்று வெடிப்புகளால் வெளியே தள்ளும்;
தள்ளுகிற இடத்தால் கிரவல் தூசி
உள்ளே வர யோசிக்கும்.

ஆனாலும் வன்னித் தூசி யோசிக்கிற சாதியில்லை.
முன்வாசலுக்கு ஒரு வலை வேண்டும் என்றேன்.
கமராப் பையைத் துழாவி
கறுப்பு நைலோன் துண்டொன்று தந்தார்.
மணப்பெண்களின் முகம் மென்மையாய் விழ
லென்சில் கட்டுகிறது.
எத்தனை பெண்களின் பருவை மறைத்த துணி,
இன்றைக்கு ரோட்டை மறிக்கட்டும்.
இழுத்து ஒட்டினேன்.

திரும்பவும் ஊதுபத்தி.
புகை முன்னால் நுழைந்தது,
கார்டின் தோளில் ஒருக்கால் கை வைத்தது,
பின்னால் போய்விட்டது,
அலுவல் முடிந்தவனைப் போல.

ஒன்றரை மணி. எழுபத்தொன்று.
இரண்டு மணி. எழுபத்துநான்கு.
நேற்று இதே நேரம் தொண்ணூற்றேழு.
அண்ணை சோடாவைக் குடிக்காமல்
கையிலே பிடித்திருந்தார்.

இரண்டு பதினேழுக்கு
ஐயரின் கை இறங்கியது.
கெட்டிமேளம் கடையை நிறைத்தது.
பக்கத்துக் கடை வாழைக்குலைக்காரர்
"ஆருக்குக் கலியாணம்?" என்று எட்டிப் பார்த்தார்.

பில் எழுதினேன்: ஆயிரத்து இருநூறு.
"புதுசா ஒண்டும் போடேல்லையே, பிள்ளை,
எதுக்கு இந்தக் காசு?"
யோசித்துவிட்டு
அதன் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்:
காற்றைத் திருப்பினது.
வாசித்துச் சிரித்தார்.
ஆயிரம்தான் தந்தார்.

அவர் போனபின்
சட்டை முதுகோடு ஒட்ட
அந்த ஒற்றைக் கதவையும்
பின்சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.
ஊதுபத்தி முடிய இன்னும் ஒரு விரல் இருந்தது.
வாசலில் பிடித்தேன்.
புகை என் முகத்துக்கே வந்தது.

கட்டடச் சொந்தக்காரருக்கு ஃபோன் எடுத்தேன்.
"பின்சுவரில ஓட்டையா?
குரங்கு வரும், பிள்ளை."
வலை அடிப்பன் என்றேன்.
"வாடகையும் கூடும்" என்றார்.